மேசைமேல் ஓடும் பழைய கேஸ் இன்ஜின்: எந்த மாதிரியைக் கட்டுவது?

வீட்டில் லேத் வைத்திருப்பவருக்கு என்றாவது ஒருநாள் பழைய ஒற்றைச் சிலிண்டர் இன்ஜின் ஒன்றைச் சிறிதாகச் செய்து, உண்மையாகவே எரிபொருளில் ஓட்டிப் பார்க்க ஆசை வரும். எந்த இன்ஜினை என்பதில்தான் குழப்பம். வழக்கமாகப் போட்டியில் நிற்பவை மூன்று: ஜெர்மனியின் ஒட்டோ–லாங்கன் இன்ஜின், தீச்சுடரை உறிஞ்சி ஓடும் இன்ஜின், அமெரிக்கப் பண்ணைகளில் ஓடிய ‘ஹிட் அண்ட் மிஸ்’ இன்ஜின். பெரும்பாலோர் தோற்றத்தைப் பார்த்து முடிவெடுக்கிறார்கள். நான் முதலில் கேட்பது வேறு கேள்வி. இரும்பை நான்கில் ஒரு பங்காகச் சுருக்கிவிடலாம். தீயும் காற்றழுத்தமும் அப்படிச் சுருங்க மாட்டா. இந்தப் பிடிவாதத்துக்கு எந்த இன்ஜின் ஈடுகொடுக்கும்?

அழகில் முதலிடம் ஒட்டோ–லாங்கனுக்குத்தான். 1867 பாரிஸ் கண்காட்சியில் தங்கப் பதக்கம் வாங்கிய இன்ஜின் அது. தூண் போல் நிமிர்ந்த சிலிண்டர். உள்ளே வாயு வெடித்ததும் பிஸ்டன் எதையும் இழுக்காமல் சும்மா மேலே பறக்கும். பிறகு சிலிண்டருக்குள் அழுத்தம் குறைய, வெளிக்காற்று பிஸ்டனைக் கீழே தள்ளும். அந்த இறக்கத்தில் மட்டும் பற்சட்டம் ஒரு பல்சக்கரத்தைப் பிடித்து அச்சைச் சுற்றும். ஆனால் ஓட்டத்தில் முரட்டு இயந்திரம். சத்தமோ சொல்லி மாளாது. இருந்தும் அன்று புகழோடு இருந்த லெனுவார் இன்ஜின் குடித்த வாயுவில் பாதிகூட இதற்குத் தேவைப்படவில்லை. நடுவர் குழுவில் இருந்த ஃபிரான்ஸ் ரூலோ வாயுச் செலவைப் பாருங்கள் என்று வலியுறுத்தியிராவிட்டால் பதக்கம் கைமாறியிருக்கும்.

மேசையளவுக்குக் கொண்டுவரும்போது இரண்டு இடங்களில் இது காலை வாரும். முதலாவது, தீ. மூல இன்ஜினில் ஸ்பார்க் பிளக் கிடையாது. நகரும் தட்டு வால்வு ஒன்று வெளியே எரியும் சுடரைச் சிறு குழியில் ஏந்தி உள்ளே கொண்டுபோகும். புரொப்பேன் சுடர் சுமார் 2 மில்லிமீட்டருக்கும் குறுகிய இடுக்கில் நுழைந்தால், சுவர்களே அதன் வெப்பத்தை உறிஞ்சி அணைத்துவிடும். மாதிரியைச் சுருக்கினால் சுடர் செல்லும் வழியும் சுருங்குகிறது, 2 மில்லிமீட்டர் மட்டும் அப்படியே நிற்கிறது. இரண்டாவது, ஏறும்போது விட்டுவிட்டு இறங்கும்போது மட்டும் கவ்வ வேண்டிய கிளட்ச். ஆப்பும் உருளையுமாக அமைந்த அந்தப் பகுதி ஒரு மயிரிழை தாமதித்துக் கவ்வினாலும் பிஸ்டனின் இறக்கம் வீணாகும். நாலைந்து இன்ஜின்கள் செய்து முடித்தவருக்கு இது சரியான சவால். முதல் இன்ஜினாக எடுப்பவருக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன்.

தீச்சுடரை உறிஞ்சும் இன்ஜின் இதற்கு நேர் எதிர். ஸ்பார்க் இல்லை, கார்புரேட்டர் இல்லை, பல்சக்கரம்கூட இல்லை. சிலிண்டரின் ஓட்டைக்கு அருகே ஒரு ஸ்பிரிட் விளக்கு. பிஸ்டன் பின்னோக்கிப் போகும்போது சூடான வாயுவை உள்ளே இழுக்கும், வால்வு மூடும், வாயு குளிர்ந்து சுருங்கும், வெளிக்காற்று பிஸ்டனைத் தள்ளும். காற்றழுத்தம் சுருங்காதது இங்கே நமக்குச் சாதகம், குட்டிச் சிலிண்டரையும் அதே அழுத்தம்தான் தள்ளுகிறது. ஆனால் கிடைக்கும் பலம் அற்பம். பிஸ்டனில் ஒரு துளி எண்ணெய் பட்டால் அதன் பிசுக்கே இன்ஜினை நிறுத்திவிடும். அதனால் கிராஃபைட் பிஸ்டனோ, எண்ணெயின்றி வழுக்கும்படி இழைத்த வார்ப்பிரும்பு பிஸ்டனோ வேண்டும். ஸ்பிரிட் எரியும்போது உண்டாகும் நீராவி குளிர்ந்த சிலிண்டரில் வியர்த்துப் பிஸ்டனைப் பிடித்துக்கொள்வதும் உண்டு. முதலில் சூடுபடுத்திவிட்டுத்தான் சுற்ற வேண்டும். சில வார இறுதிகளில் முடிக்கக்கூடிய வேலை, பிள்ளைகளுக்குக் காட்ட அருமையான பொருள். ஆனாலும் வெடித்து ஓடும் இன்ஜின் என்ற ஆசை இதில் தீராது.

மிச்சமிருப்பது ஹிட் அண்ட் மிஸ். என் ஓட்டு இதற்கே. நம் ஊர்க் கிணற்றடிகளில் பம்பை இழுத்த லிஸ்டர் வகை டீசல் இன்ஜின் இரண்டு சுற்றுக்கு ஒருமுறை தவறாமல் வெடித்தது. அதன் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னர், டீசலின் அளவை மட்டும் கூட்டிக் குறைத்தது. இது அப்படியல்ல. வேகம் கூடியதும், ஃப்ளைவீல் என்னும் கனத்த சக்கரத்தில் உள்ள எடைகள் விரிந்து ஒரு கொக்கியைத் தள்ளும்; கொக்கி, வால்வைத் தள்ளும் தண்டான புஷ் ராடைப் பிடித்துப் புகை வால்வைத் திறந்தபடியே நிறுத்திவிடும். திறந்த வால்வு வழியாகப் பிஸ்டன் சும்மா மூச்சு விட்டுக்கொண்டிருக்கும். உள்ளே வெற்றிடம் உண்டாகாததால், மெல்லிய ஸ்பிரிங்கில் நிற்கும் உள்வால்வு திறக்காது, எரிபொருளும் வராது. வேகம் இறங்கியதும் கொக்கி விடுபடும், ஒரே ஒரு வெடி, மறுபடியும் வெடியில்லாத சறுக்கல். ஒரு ‘டப்’, பிறகு நீண்ட பெருமூச்சுகள். இந்தத் தாளம்தான் இதன் உயிர். இந்தத் தாளம் கேட்காத மாதிரி இன்ஜின் எவ்வளவு பளபளத்தாலும் எனக்கு வேண்டாம்.

தாளத்தைக் கெடுப்பது ஃப்ளைவீல். நான்கில் ஒரு பங்கு அளவில் செய்தால் சிலிண்டரின் கொள்ளளவு 64-ல் ஒரு பங்கு. ஃப்ளைவீல் அதே வேகத்தில் சேமிக்கும் ஆற்றலோ 1,024-ல் ஒரு பங்கு. அதாவது, ஒரு வெடிக்கு எதிரே ஃப்ளைவீலின் கையிருப்பு 16-ல் ஒன்றாகத் தேய்ந்துவிடுகிறது. ஜான் டீரின் ஒன்றரைக் குதிரைத்திறன் ‘இ’ மாடல் நிமிடத்துக்கு 600 சுற்றில் ஓடியது. அதே சறுக்கலைக் கால் பங்கு மாதிரியில் பெற 2,400 சுற்று வேண்டும்; அந்த வேகத்தில் தையல் மிஷின் சத்தம்தான் வரும். பாதி அளவில் செய்தால் 1,200 போதும். ஆனால் 18 அங்குல ஃப்ளைவீல் பாதியானால் 9 அங்குலம். வீடுகளில் பரவலாக இருக்கும் 7 அங்குலச் சிறு லேத்தில் அது சுற்றவே சுற்றாது.

ஆகவே நேர்மையான ஏமாற்று வேலை கொஞ்சம் தேவைப்படுகிறது. ஃப்ளைவீலின் விளிம்பை அளவுகோல் சொல்வதைவிடத் தடிமனாக விடலாம். கிராங்க் அச்சுக்கு பால் பேரிங் போட்டு மூடியால் மறைக்கலாம். பழைய இன்ஜின்களைப் போலவே அழுத்த விகிதத்தை நான்குக்கு ஒன்று என்ற அளவில் குறைவாகவே வைக்கலாம். வெளித்தோற்றம் கெடாது, தாளம் திரும்பிவிடும்.

அடுத்த மோதல்: வார்ப்புத் தொகுப்பா, கடையில் வாங்கும் உலோகக் கம்பியிலும் கட்டையிலும் கடைந்தெடுப்பதா? நியூயார்க் மாநிலத்தின் பி.எம். ரிசர்ச் விற்கும் ‘ரெட் விங்’ தொகுப்பு போன்றவற்றில் வார்ப்புகளும் வரைபடமும் சேர்ந்தே வரும். ஃப்ளைவீலின் வளைந்த ஆரங்கள், உருண்ட மூலைகள், தண்ணீர்த் தொட்டியின் வயிறு எல்லாம் வார்ப்பில்தான் பழைய இன்ஜினாகத் தெரியும். அந்தச் சாயல் கட்டையில் கடைந்ததில் வராது. ஆரங்களுக்குப் பதில் வட்டத் துளைகள் போட்டுச் சமாளிப்பார்கள். ஆனால் வார்ப்பை லேத்தில் பிடிப்பதே ஒரு கலை. நேரான பக்கம் ஒன்றுகூட இருக்காது. எதை ஆதாரமாக வைத்து எதை அளப்பது என்று முதல்நாள் முழுக்க யோசிக்க வேண்டியிருக்கும். மேல்தோல் கெட்டியாக இருப்பதால், கார்பைட் முனையை ஆழமாக இறக்கித் தோலுக்கு அடியிலேயே முதல் வெட்டை எடுக்க வேண்டும். மேலோட்டமாகச் சுரண்டினால் முனைதான் மழுங்கும். எல்லாம் முடிந்த பிறகு சிலிண்டர் சுவரில் ஒரு காற்றுக்குமிழி பல்லிளிக்கவும் கூடும். கட்டையில் தவறினால் இன்னொரு துண்டு வெட்டிக்கொள்ளலாம்; வார்ப்பில் தவறினால் விற்றவருக்குக் கடிதம் எழுத வேண்டும். முதல் இன்ஜின் கட்டையில், இரண்டாவது வார்ப்பில் என்பது என் வரிசை.

ஸ்பார்க் விஷயத்தில் எனக்குத் தயக்கமே இல்லை. ஸ்பார்க்கை உண்டாக்கும் பழைய முறையான பாயின்டும் கண்டென்சரும் பழைமைக்குப் பொருந்தும், ஆனால் சுழன்று தட்டும் சின்ன கேமில் அவற்றைச் சரிசெய்வது ஓயாத தொல்லை. கிராங்க் அச்சின் பாதி வேகத்தில் சுற்றும் கேம் பல்சக்கரத்தில் ஒரு குட்டிக் காந்தம், எதிரே அந்தக் காந்தத்தை உணரும் ஹால் சென்சர், 10 மில்லிமீட்டருக்கு மேற்படாத மரை கொண்ட சிறு பிளக், போதும். கொக்கி விழும்போது மின்சாரத்தைத் துண்டிக்கும் ஸ்விட்ச் ஒன்றையும் சேர்த்தால், சறுக்கும் நேரத்தில் பேட்டரி வீணாகாது.

எரிபொருளில்தான் பலர் திணறுகிறார்கள். சமையல் வாயுவில் ஓட்டினால் புகை குறைவு, கிளப்புவதும் எளிது. ஆனால் இன்ஜின் உறிஞ்சும்போது மட்டும் வாயுவை விடும் மெல்லிய ரப்பர்ச் சவ்வு வால்வு கட்டாயம். அது இல்லாவிட்டால் சறுக்கும்போதும் வாயு கசிந்து கலவை கெடும். முகாம் அடுப்புக்கான வெள்ளைப் பெட்ரோலில் ஓட்டினால் டேங்க் கீழே இருக்கும். சறுக்கலின்போது குழாயில் ஏறிய எரிபொருள் திரும்ப இறங்கிவிடாமல் தடுக்க ஒரு சிறு எஃகுக் குண்டு வால்வு வேண்டும். இரண்டிலும் உள்வால்வின் ஸ்பிரிங்தான் தலையெழுத்தைத் தீர்மானிக்கிறது. சிலிண்டர் ஹெட்டைத் தனியே கழற்றி, வாயை வைத்து லேசாக உறிஞ்சினால் வால்வு திறக்க வேண்டும். விட்டதும் ‘டிக்’ என்று அமர வேண்டும். ஸ்பிரிங் விறைப்பாக இருந்தால் இன்ஜின் பட்டினி கிடக்கும். தொளதொளத்தால் சறுக்கும்போதே எரிபொருளைக் குடித்து, அடுத்த வெடியின் சூட்டில் புகைக்குழாய்க்குள் பட்டாசு வெடிக்கும். அந்தச் சத்தம் கேட்டால் கார்புரேட்டரைத் திருகிக்கொண்டிருக்காமல், முதலில் ஸ்பிரிங்கை மாற்றிப் பாருங்கள்.