ஒரே எஞ்சின், உட்காரும் விதம் வேறு: இன்டர்செப்டர் 650-ஆ, கான்டினென்டல் ஜிடி 650-ஆ?

2021 ஜூலையில் இன்டர்செப்டர் 650 பைக் எடுத்தேன். ஓடோமீட்டர் இப்போது 41,000 கி.மீ.யைத் தாண்டிவிட்டது. எடுப்பதற்கு முன்னால் ஒன்றரை மாதம், இதுவா கான்டினென்டல் ஜிடியா என்று மண்டையை உடைத்துக்கொண்டேன். இன்றும் பெட்ரோல் பங்க்கில் யாராவது தம்பி வண்டியைச் சுற்றி வந்து, "அண்ணா, இது எடுக்கலாமா, ஜிடி எடுக்கலாமா?" என்று கேட்டால் இரண்டு வார்த்தையில் பதில் சொல்ல முடிவதில்லை. அந்தப் பதிலை இங்கே முழுசாக எழுதிவிடுகிறேன்.

இரண்டும் ராயல் என்ஃபீல்டு வண்டிகள். 2018 நவம்பரில் ஒன்றாகவே இந்தியாவில் விற்பனைக்கு வந்தன. எஞ்சின் ஒன்றுதான்: 648 சி.சி., இரட்டை சிலிண்டர், 47 குதிரைத்திறன், 52 நியூட்டன் மீட்டர் டார்க் (சக்கரத்தைச் சுழற்றும் இழுவை). பிரேம் ஒன்று, 18 அங்குலச் சக்கரங்கள் ஒன்று, முன்னால் இருக்கும் 320 மி.மீ. டிஸ்க்கும் ஒன்றுதான். மாறுவது ஹேண்டில்பார், ஃபுட்பெக் (கால் வைக்கும் கட்டை), டேங்க், சீட் இவ்வளவே. இன்டர்செப்டரில் ஹேண்டில்பார் அகலமாக உயர்ந்து நிற்கும். ஜிடியில் கிளிப்-ஆன், அதாவது முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கிலேயே பிடித்த இரண்டு குட்டைக் கம்பிகள். ஃபுட்பெக் பின்னால் தள்ளியிருக்கும். டேங்க் 13.7 லிட்டருக்குப் பதில் 12.5. அறிமுகமானபோது சொன்ன சீட் உயரம் இன்டர்செப்டருக்கு 804 மி.மீ., ஜிடிக்கு 793. இதையெல்லாம் காகிதத்தில் படித்தபோது, இதில் என்ன பெரிய வித்தியாசம் வந்துவிடப் போகிறது என்றுதான் நினைத்தேன்.

ஷோரூமில் இரண்டையும் கால் மணி நேரம் ஓட்டினேன். ஜிடி என்னை அப்படியே மயக்கிவிட்டது. குனிந்து டேங்க்கைக் கட்டிக்கொண்டு பைபாஸில் போகும்போது வண்டி உடம்போடு ஒட்டிக்கொண்ட மாதிரி இருந்தது. அன்றைக்கே அட்வான்ஸ் கொடுத்திருப்பேன். கூட வந்த நண்பன்தான் கையைப் பிடித்து இழுத்தான். அவனிடம் ஏற்கனவே ஜிடி இருந்தது. "டேய், கால் மணி நேரத்துல எந்த வண்டியும் நல்லாத்தான் இருக்கும். என்னோடதை ஒரு வாரம் வெச்சு ஓட்டிட்டு அப்புறம் சொல்லு" என்று சாவியைக் கையில் கொடுத்தான். அவன் செய்த பெரிய உதவி அது.

என்னைப் பற்றி ஒரு வரி சொன்னால்தான் மீதி புரியும். உயரம் 5 அடி 7 அங்குலம், எடை 68 கிலோ, அப்போது வயது 38. நாள் முழுக்க நாற்காலியில் உட்கார்ந்து பார்க்கிற வேலை.

திங்கட்கிழமை அலுவலகத்துக்கு ஜிடியில் கிளம்பினேன். சேலத்துக்குள் 11 கி.மீ. ஐந்து ரோடு சிக்னலில் நிற்கும்போதே இடது உள்ளங்கையில், கட்டை விரலுக்குக் கீழே இருக்கும் சதைமேட்டில் ஒரு மதமதப்பு தொடங்கியது. கிளட்ச் கனமில்லை, இரண்டு வண்டியிலும் ஸ்லிப்-அசிஸ்ட் கிளட்ச், இரண்டு விரலில் பிடிக்கலாம். கனத்தது என் உடம்புதான். மெதுவாகப் போகும்போது மேல்உடம்பின் பாரம் முழுவதும் தோள் வழியாக இறங்கி அந்த இரண்டு உள்ளங்கையில் உட்கார்ந்துகொள்கிறது. புதன்கிழமை சாயங்காலம் வீட்டில் தோசைக் கரண்டியைத் திருப்பும்போது மணிக்கட்டு வலித்தது.

சரி, ஜிடி நமக்கு ஒத்துவராது என்று முடிவு கட்டியிருந்தேன். சனிக்கிழமை அதை ஆத்தூர், கள்ளக்குறிச்சி வழியாக உளுந்தூர்பேட்டை வரை கொண்டுபோனேன். அங்கே கதை மாறியது. நான்குவழிச் சாலையில் பைக்குக்கு 80 கி.மீ. தான் வேக வரம்பு. அந்த வேகத்தில் எதிர்க்காற்று நெஞ்சில் தலையணை வைத்த மாதிரி தாங்குகிறது. உள்ளங்கையில் இருந்த பாரத்தில் பாதியைக் காற்று வாங்கிக்கொண்டது. எஞ்சின் நிமிடத்துக்கு மூவாயிரத்துச் சொச்சம் சுற்றில் முணுமுணுத்துக்கொண்டே ஓடியது. நகரத்துக்குள் படுத்திய அதே வண்டி ஒன்றரை மணி நேரம் ஒரு குறையும் வைக்கவில்லை. கழுத்து மட்டும்தான் தலையைத் தூக்கிப் பிடித்துப் பிடித்துக் கொஞ்சம் இறுகியது. ஆனால் உளுந்தூர்பேட்டை ஊருக்குள் நுழைந்து இரண்டு வேகத்தடை ஏறி இறங்கியதுமே மணிக்கட்டு மறுபடி புலம்ப ஆரம்பித்தது.

அந்த வாரத்தில் எனக்கு உண்மையாகப் பாடம் நடத்தியது ஏற்காடு மலைப்பாதை. சேலத்திலிருந்து மேலே போக 20 கொண்டை ஊசி வளைவுகள். விடியற்காலை ஆறு மணிக்கு ஜிடியில் ஏறினேன். ஏற்றத்தில் வண்டியின் மூக்கு மேல்நோக்கி இருப்பதால் உடம்பின் பாரம் இயல்பாகவே பின்னுக்கு, இடுப்புக்குப் போய்விடுகிறது. கைகள் விடுதலையாகிவிட்டன. குனிந்து உட்காருவதால் முன்சக்கரத்தின் மேல் எடை கூடுதலாக விழுகிறது. தார் எங்கே வழவழப்பு, எங்கே சிறுகல் என்று ஹேண்டில் வழியாகவே கைக்குத் தெரிகிறது. வளைவுக்குள் சாய்த்தால் சாய்த்த கோட்டிலேயே போகிறது. இரண்டாம் கியரை மாற்றவே வேண்டாம். 2,500 சுற்றிலேயே 80 சதவீத டார்க் கிடைத்துவிடும் என்று நிறுவனம் சொல்வது இந்த மாதிரி இடத்தில்தான் விளங்குகிறது. வளைவு முடிந்து த்ராட்டிலைத் திறந்தால் திணறாமல் இழுக்கிறது.

இறங்கும்போது எல்லாம் தலைகீழ். மூக்கு கீழே, பிரேக் பிடிக்கிறோம், உடம்பு முன்னால் சரிகிறது, சரிகிற உடம்பு முழுவதையும் கைதான் தாங்க வேண்டும். தாங்கி விறைத்த கையால் வண்டியைத் திருப்ப முடியாது. பன்னிரண்டாவது வளைவில் நான் நினைத்ததைவிட ஒரு முழம் வெளியே போனேன். எதிரே பஸ் எதுவும் வரவில்லை. அதன்பிறகு முழங்காலால் டேங்க்கை இறுக்கிப் பிடித்து, வயிற்றை உள்ளிழுத்துக் கைகளைத் தளர்த்திப் பழகினேன், சரியாக வந்தது. ஆனால் அப்படிப் பிடித்துக்கொண்டே இருக்கத் தொடையிலும் வயிற்றிலும் நல்ல வலு வேண்டும். அடிவாரத்துக்கு வந்தபோது தொடை நடுங்கியது.

அடுத்த வாரம் கோவையில் மச்சானிடம் இருந்த இன்டர்செப்டரை இரவல் வாங்கி வந்தேன். கோவை–சேலம் சாலையில் எதிர்மாறான அனுபவம். முதுகு நேராக இருக்கிறது, மணிக்கட்டில் பாரமே இல்லை. ஆனால் நெஞ்சு நிமிர்ந்திருப்பதால் காற்று நேராக மோதுகிறது. 80-ல் தெரியவில்லை. லாரியை முந்தும்போது கொஞ்சம் கூட்டினால் கையால் ஹேண்டிலைப் பிடித்துத் தொங்குகிற மாதிரி ஆகிறது. நிமிர்ந்து உட்கார்ந்தால் எப்போதும் சொகுசு என்கிற பொதுப்பேச்சை நம்பிவிட வேண்டாம். பாரம் கையிலிருந்து போனால் வேறெங்காவது போய்த்தான் ஆக வேண்டும். நிமிர்ந்த உடம்பின் பாரம் அப்படியே முதுகுத்தண்டின் அடியில் இறங்குகிறது. பின்சஸ்பென்ஷனின் அசைவு 88 மி.மீ. தான், சாலையில் ஒரு பள்ளம் வந்தால் இன்டர்செப்டரில் இடுப்புக்கு நேரே அடிக்கிறது. ஜிடியில் அதே அடி கைக்கும் இடுப்புக்கும் பங்காகப் போய்விடும்.

மலையில் இன்டர்செப்டரைச் சோதிக்கக் கொல்லிமலையைத் தேர்ந்தெடுத்தேன். காரவள்ளியிலிருந்து மேலே 70 கொண்டை ஊசிகள். அகலமான ஹேண்டில் ஒரு நெம்புகோல் மாதிரி. 200 கிலோவுக்கு மேல் இருக்கும் வண்டியை ஒரு சின்னத் தள்ளலில் சாய்க்க முடிகிறது. வளைவுக்கு நடுவில் குரங்கோ கல்லோ வந்தால் கோட்டை மாற்றுவது ஜிடியைவிட இதில் எளிது. முன்சக்கரம் சொல்கிற சேதி மட்டும் கொஞ்சம் மங்கலாக வருகிறது; ஜிடியில் பேச்சாகக் கேட்டது இதில் கிசுகிசுப்பாகக் கேட்டது. ஆனால் 70 வளைவும் இறங்கி அடிவாரத்துக் கடையில் டீ கிளாஸைப் பிடித்தபோது கை நடுங்கவில்லை. எனக்கு அந்த இடத்தில் பாதி முடிவு வந்துவிட்டது.

மீதிப் பாதியை என் மனைவி முடித்துவைத்தாள். ஜிடியில் பின்னால் உட்கார்ந்து பத்து கி.மீ. வந்தவள், "ஏங்க, பிரேக் அடிக்கிறப்பெல்லாம் உங்க முதுகு மேலயே வந்து விழறேன், பிடிச்சுக்க ஒண்ணும் இல்லை" என்றாள். அவள் முன்னால் சரியும்போது அந்த எடையும் என் மணிக்கட்டில்தான் சேர்கிறது. இன்டர்செப்டரில் அவள் நேராக உட்கார்ந்து என் இடுப்பைப் பிடித்துக்கொள்ள முடிந்தது. இருவராகப் போகிறவர்கள் இதை முதலிலேயே பார்த்துவிடுங்கள். நான் கடைசியில்தான் பார்த்தேன்.

இனி 41,000 கி.மீ. ஓட்டிய பிறகு தெரிந்தவை.

சீட். என் உடம்புக்கு 120 கி.மீ. வரை பிரச்சினை இல்லை. அதற்கு மேல் உட்காரும் எலும்பு இரண்டும் பேச ஆரம்பிக்கும். ஒரு சீட் கடையில் கொடுத்து மெத்தென்று ஃபோம் வைத்துத் தைத்தேன். கையால் அமுக்கியபோது பஞ்சு மாதிரி இருந்தது. திருச்சி போய்த் திரும்புவதற்குள் ஃபோம் அமுங்கி அடிப்பலகையே தட்டுப்பட்டது. பழைய சீட்டே தேவலாம் என்றாகிவிட்டது. இரண்டாவது முறை வேறொருவரிடம் போனேன். அவர் என்னை வண்டியில் உட்காரச் சொல்லி, எலும்பு படும் இரண்டு இடத்தில் சாக்பீஸால் வட்டம் போட்டார். அடியில் கெட்டியான ஃபோம், மேலே ஒரு விரல் தடிமனுக்கு இளகினது, முன்பக்கச் சரிவைக் கொஞ்சம் மேடாக்கினார். மூன்று வருடமாக அதே சீட்தான். மெத்தென்ற சீட்டைத் தேடாதீர்கள். பாரத்தை அகலமாகப் பரப்புகிற சீட்டைத் தேடுங்கள்.

பின்சஸ்பென்ஷன். தனியாக ஓட்டும் 68 கிலோ ஆளுக்கு அது இறுக்கம். மனைவி ஏறினால் அதே சஸ்பென்ஷன் அழகாக வேலை செய்கிறது. ஸ்பிரிங்கை முன்கூட்டியே அமுக்கி வைக்கும் ப்ரீலோட் வளையத்தைக் கொக்கி ஸ்பேனரால் தளர்த்திக் கடைசிப் படியில் வைத்திருக்கிறேன். டயர் காற்றை வாரம் ஒருமுறை குளிர்ந்த டயரில் பார்த்து, கையேட்டில் போட்டிருக்கும் அளவுக்கே வைக்கிறேன். பங்க்கில் கேட்டால் ஆளுக்கொரு அளவு சொல்வார்கள். நாலு பி.எஸ்.ஐ. கூடினாலே ஒவ்வொரு சிறு பள்ளமும் முதுகுக்கு வந்துவிடுகிறது, வளைவில் பிடிப்பும் குறைகிறது. ஆயிரக்கணக்கில் செலவு செய்யும் முன் காற்றைப் பாருங்கள்.

சிக்னலில் காலை ஊன்றும்போது ஃபுட்பெக் சரியாகக் கெண்டைக்காலில் இடிக்கும். காலை அதற்கு முன்னால் வைக்கப் பழக ஒரு மாதம் ஆனது. ஜிடியில் பெக் பின்னால் இருப்பதால் இந்தத் தொல்லை எனக்கு வரவில்லை. சித்திரை வெயிலில் நெரிசலில் நின்றால் எஞ்சின் சூடு தொடைக்கு வரும். வண்டி நகர ஆரம்பித்தால் போய்விடும்.

என் வண்டி ஸ்போக் சக்கரம், ஆகவே ட்யூப். சின்னசேலத்துக்குப் பக்கத்தில் ஒரு ஆணி ஏறி இரண்டரை மணி நேரம் போனது. செயினைத் தளர்த்திப் பின்சக்கரத்தைக் கழற்றி, ட்யூபைத் தொட்டித் தண்ணீரில் அமுக்கிப் பார்த்தால் ஒரே ஆணிக்கு இரண்டு ஓட்டை. அந்த அண்ணன் பொறுமையாக இரண்டுக்கும் ஒட்டுப் போட்டுக் கொடுத்தார். 2023-ல் அலாய் சக்கரமும் ட்யூப்லெஸ் டயரும் கொண்ட வகைகள் வந்துவிட்டன. நெடுந்தூரம் போகிறவர்கள் யோசிக்காமல் அதையே எடுங்கள்.

இப்போது இரண்டுக்கும் நடுவில் நிற்கிறவர்களுக்குச் சொல்ல வேண்டியது. டெஸ்ட் ரைடு கொடுக்கும்போது காலியான பைபாஸில் வேகமாகப் போய்ப் பார்க்காதீர்கள். அங்கே எந்த வண்டியும் இனிக்கும். நெரிசலான தெருவில் இருபது நிமிடம் ஓட்டுங்கள். ஒரு யூ-டர்ன் போடுங்கள். கிளிப்-ஆனில் ஹேண்டில் முழுக்கத் திரும்பும்போது கை டேங்க்கோடு நெருங்குவது அப்போதுதான் தெரியும். ஒரு இறக்கமான பாலத்தில் பிரேக் பிடித்து, பாரம் எங்கே இறங்குகிறது என்று கவனியுங்கள். பின்னால் ஏறப் போகிறவரை ஏற்றிக்கொண்டு ஒரு சுற்றுப் போங்கள். வாரநாளில் நகரம், ஞாயிற்றுக்கிழமை மலை என்று ஒரே வண்டியை வைத்துக்கொள்கிறவர்களுக்கு இன்டர்செப்டர்தான் சரி என்பேன். வேறொரு வண்டி வீட்டில் இருந்து, உடம்பும் ஒத்துழைத்தால், ஜிடி தருகிற அந்த நெருக்கத்தை இன்டர்செப்டரால் தர முடியாது. நாலு வருடத்துக்குப் பிறகும் இதை மனசாரச் சொல்கிறேன்.

நண்பன் ஜிடியை இன்னும் வைத்திருக்கிறான். மாதத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை இருவரும் ஏற்காடு போகிறோம். அடிவாரத்தில் சாவியை மாற்றிக்கொள்வோம். ஏறும்போது அவன் வண்டி எனக்கு, என் வண்டி அவனுக்கு. மேலே ஏரிக்கரையில் டீ குடித்துவிட்டு நான் கையை நீட்டினால், கேட்காமலே என் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிடுவான். "இறங்கும்போதும் எனக்கு இதுதாண்டா" என்று ஜிடியின் டேங்க்கைத் தட்டிவிட்டு, எனக்கு முன்னால் கிளம்பி இருபதாவது வளைவில் மறைந்துவிடுவான்.