ஆர்ச்சா, டெபியனா? கிளிநொச்சியிலிருந்து ஒரு கணக்கு

முதலில் இரண்டு வருடம் ஆர்ச் லினக்ஸ், அதற்குப் பிறகு இன்றுவரை டெபியன் ஸ்டேபிள் (டெபியனின் நிலையான பதிப்பு). இரண்டும் விண்டோஸுக்குப் பதிலாகப் போடக்கூடிய லினக்ஸ் இயங்குதளங்கள். மெஷின் அதேதான்: எட்டு ஜிபி ராம் உள்ள பழைய திங்க்பேட். அதன் பற்றரி அரை மணித்தியாலம் தாங்கினால் அன்று நல்ல நாள். பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடித்த கடிதங்களை யூனிகோடுக்கு மாற்றும் ஒரு சின்னக் கட்டற்ற மென்பொருளை எழுதிப் பராமரிக்கிறேன். வன்னியில் எந்த அலுவலகத்தின் பழைய ஃபோல்டரைத் திறந்தாலும் பாமினிதான் நிற்கும், அதனால் வேலைக்குக் குறைவில்லை. "எதைப் போடலாம் அண்ணை?" என்று கேட்டு வரும் பெடியளுக்குத் திரும்பத் திரும்பச் சொல்வதை இங்கே எழுதி வைக்கிறேன். நான் டெபியன் பக்கம் சாய்ந்தவன். அதை மனதில் வைத்துக்கொண்டு வாசியுங்கள்.

ஊரறிந்ததை முதலில் முடித்துவிடுவோம். டெபியன் 1993இல் தொடங்கியது, ஆர்ச் 2002இல். எடிட்டர், கிட், பைதான் எல்லாம் இரண்டிலும் ஒன்றுதான். புதிய பதிப்பு வெளிவந்த கையோடு வேண்டுமென்றால் ஆர்ச், அதில் பேச்சே இல்லை. டெபியனில் ஏறக்குறைய இரண்டு வருடத்துக்கு ஒருமுறைதான் புதிய வெளியீடு. ஆர்ச் விக்கியைப் போல ஒரு கையேடு வேறெங்கும் கிடையாது. டெபியன்காரர்களும் சிக்கல் வந்தால் அங்கேதான் ஓடுகிறார்கள், நானும்தான்.

என்னை மாற வைத்தது பராமரிப்பு. அதிலும் குறிப்பாக, மெஷினை ஒரு மாதம் சும்மா விட்டால் என்ன நடக்கும் என்பது.

ஆர்ச்சில் எல்லாப் பொதிகளும் (நிறுவத் தயாராகக் கட்டிய மென்பொருள்கள்) ஒன்றாகவே முன்னுக்கு நகரும். ஒன்றை மட்டும் புதுசாக்கி மற்றதைப் பழசாக விடுவதை அவர்கள் ஆதரிப்பதில்லை. பொதிகள் பகிர்ந்துகொள்ளும் லைப்ரரிகளின் பதிப்புகள் ஒன்றோடொன்று பொருந்தாமல் போய்விடும் என்பதால் அதில் நியாயமும் இருக்கிறது. ஆனால் இங்கே அது எப்படி வந்து விடியும் தெரியுமா? பயிர்ச் செய்கைக் காலத்தில் ஒரு மாதம் வயலோடு கிடந்துவிட்டு வந்து, ஒரு மெகாபைட்கூட இல்லாத சின்னக் கருவி ஒன்றைப் போடப் பார்த்தேன். என் மெஷினின் பொதிப் பட்டியலில் இருந்த பதிப்பு மிரரிலிருந்து (பொதிகளை இறக்கும் சேர்வர்) எப்போதோ போய்விட்டது, 404 என்ற பிழைதான் வந்தது. பட்டியலை மட்டும் புதுப்பித்துப் போட்டால் அதுவே அவர்கள் வேண்டாமென்று சொல்லும் அரைகுறை அப்டேட். முறையாகச் செய்வதென்றால் முழுவதையும் இறக்க வேண்டும். அன்று திரை காட்டிய தொகை இரண்டு ஜிபிக்குக் கிட்ட. ஒரு மெகாபைட்டுக்காக இரண்டு ஜிபி! நாட்கள் இன்னும் கூடினால் பொதிகள் அசல்தானா என்று சரிபார்க்கும் கையொப்பச் சாவிகளும் பழசாகி, சாவிப் பொதியை முதலில் புதுப்பிக்காமல் மற்றவை நிறுவப்படாமல் போகலாம். பைபர் உள்ளவருக்கு இதெல்லாம் தேத்தண்ணி ஊற்றிக் குடிக்கும் நேரத்து வேலை. நான் நள்ளிரவு டேட்டாவுக்கு அலாரம் வைத்து எழும்புகிறவன்.

டெபியன் ஸ்டேபிளில் அந்த வெளியீட்டின் ஆயுள் முழுக்கப் பொதியின் பதிப்பு ஏறக்குறைய அப்படியே இருக்கும், பாதுகாப்புத் திருத்தங்களும் முக்கியமான வழுத் திருத்தங்களும் மட்டும் வரும். ஃபயர்ஃபாக்ஸும் கேர்னலும் (இயங்குதளத்தின் மையக்கரு) வரும் வாரத்தில்தான் கொஞ்சம் கனக்கும், மற்ற வாரங்களில் போன் டேட்டாவே காணும். எந்தப் பொதியையும் தனியாகப் போடலாம். டிவிடி இமேஜ் ஒன்றைப் பென்ட்ரைவில் வைத்திருந்தால் இன்டர்நெற் இல்லாமலே பாதி வேலை முடியும்.

டேட்டா கதை பாதிதான். மற்றப் பாதி கரண்ட்.

2022 மார்ச் கடைசியில் நாளுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்தது நினைவிருக்கும். ஓர் இரவு அட்டவணைப்படி எங்களுக்கு இன்னும் முக்கால் மணித்தியாலம் இருந்தது. நம்பி ஆர்ச்சில் அப்டேட்டைத் தொடங்கினேன். கேர்னல் பொதி விரிந்து பூட் இமேஜ் (மெஷின் எழும்பத் தேவையான கோப்பு) எழுதப்பட்டுக்கொண்டிருந்தபோது வீடு இருண்டது. பற்றரியும் கைவிட்டது. விடிய எழும்பிப் போட்டால் கறுப்புத் திரையில் ஒரு வரி, அதற்கு மேல் அசைவில்லை. ஆர்ச்சில் புதிய கேர்னல் பழையதன் இடத்திலேயே எழுதப்படும், அந்த எழுத்து பாதியில் நின்றால் திரும்பிப் போகப் பழையது இருக்காது. கரடிப்போக்குச் சந்தியில் ஜெனரேற்றர் வைத்திருந்த ஒரு கொமினிக்கேசன் கடையில் கதிரை போட்டு உட்கார்ந்து, இன்ஸ்டோல் இமேஜை இறக்கிப் பென்ட்ரைவில் எழுதி, அதிலிருந்து உள்ளே போய்க் கேர்னலைத் திரும்பப் போட்டு முடிக்கப் பின்னேரமாகிவிட்டது. போட்டோக் கொப்பிக்கு நின்ற ஒரு ஐயா எட்டிப் பார்த்து, "தம்பி, இது வைரஸோ?" என்று கேட்டார். ஓமென்று சொல்லித் தப்பினேன்.

எல்ரிஎஸ் கேர்னல் (நீண்டகாலம் பராமரிக்கப்படும் கேர்னல்) ஒன்றையும் பக்கத்தில் போட்டு வைத்திருந்தால் அன்று பிழைத்திருப்பேன். அது ஆர்ச்சின் குற்றமில்லை, என் சோம்பல். ஆனால் டெபியன் என் சோம்பலுக்கும் சேர்த்தே யோசித்து வைத்திருக்கிறது. அங்கே ஒவ்வொரு கேர்னலும் தன் பதிப்பு எண்ணோடு தனிப் பொதியாக வருவதால் முந்தியது அப்படியே நிற்கும். மாறிய பிறகு ஒரு மாரி இரவில் இதே விபத்து எனக்கு மறுபடியும் நடந்தது. மெஷின் எழும்பும்போது வரும் கிரப் பட்டியலில் கீழே போய்ப் பழைய கேர்னலைத் தெரிந்தேன், மெஷின் எழும்பியது. பாதியில் நின்ற வேலையை முடிக்க எந்தக் கட்டளை வேண்டும் என்று பொதிகளை நிறுவும் ஆப்ட்டே திரையில் சொன்னது. பத்து நிமிடம் போயிருக்கும்.

சமூகப் பங்களிப்பில் கணக்கு இவ்வளவு ஒருபக்கமில்லை. என் பாமினி மாற்றியை ஆர்ச்சின் ஏயுஆரில் (பயனர்களே பொதிகளை ஏற்றும் களஞ்சியம்) ஏற்ற ஒரு மணித்தியாலம் போதுமாக இருந்தது: கணக்கொன்று, இரண்டு சின்னக் கோப்பு, ஒரு கிட் புஷ். டெபியனில் பொதி செய்யப் போகிறேன் என்று முதலில் வழுப்பட்டியலில் (பிழைகளைப் பதியும் இடம்) அறிவித்து, உரிமம் வரிவரியாகச் சரிபார்த்து, பதிவேற்றும் உரிமை உள்ள ஒருவர் பொறுப்பெடுக்கும்வரை காத்திருக்க வேண்டும். என் பொதி மாதக்கணக்காகக் காத்துக் கிடக்கிறது. இந்த விடயத்தில் டெபியனுக்காக நான் வாதாட மாட்டேன்.

வழு அறிவிக்கும் முறை வேறு கதை. டெபியனில் எல்லாம் மின்னஞ்சல். தமிழ் எழுத்துருவொன்றில் கொம்புக்குறி இடம்மாறி விழுந்ததைக் கரண்ட் இல்லாத ஒரு பின்னேரம் விறாந்தையில் இருந்து முழுதாக எழுதினேன். எந்தப் பொதி, எந்தப் பதிப்பு என்ற விவரங்களை ரிப்போர்ட்பக் என்ற டெபியன் கருவி தானே நிரப்பிக்கொண்டது. கடிதம் மெஷினில் வரிசையில் கிடந்து, அடுத்த நாள் அறிவியல் நகர்ப் பக்கம் போனபோது சிக்னல் பிடித்துத் தானாகப் போய்ச் சேர்ந்தது. ஆர்ச்சின் வழுக்கள் இப்போது கிட்லாப் என்ற இணையத்தளத்தில். அங்கே பக்கம் திறந்து, உள்நுழைந்து, படிவம் நிரப்பும்வரை தொடர்பு அறாமல் இருக்க வேண்டும். டெபியன்காரர்களை நேரில் பார்க்க 2023 செப்டம்பரில் ஒரு வாய்ப்பு வந்தது, டெபியன்காரர்களின் வருடாந்த மாநாடான டெப்கான்ஃப் கொச்சியில்தான் நடந்தது. கடல் தாண்டித் தமிழ்நாட்டையும் கடந்தால் கேரளம். என் பாஸ்போர்ட் காலாவதியாகிக் கிடந்தது.

என் அனுபவம் மெலிந்த இடங்களும் உண்டு. புத்தம்புது லப்டொப் வாங்கியவருக்கு ஸ்டேபிளின் கேர்னல் வைஃபையைக் கண்டுகொள்ளாமல் போகலாம். பேக்போர்ட்ஸில் (ஸ்டேபிளுக்கென்று கட்டிய புதிய பதிப்புகள் இருக்கும் இடம்) புதிய கேர்னல் கிடைக்கும் என்பார்கள், என் திங்க்பேட்டுக்கு அது தேவைப்படவில்லை. என்விடியா கார்டு, கேம்ஸ் பக்கம் நான் போனதில்லை. பிடிஆர்எஃப்எஸ் ஸ்னாப்ஷாட் (முந்தைய நிலைக்குத் திரும்ப வைக்கும் டிஸ்க் பிரதி) இருந்தால் ஆர்ச்சிலும் பயமில்லை என்கிறான் வவுனியாவில் இருக்கும் நண்பன். அவன் வீட்டில் சோலார் இருக்கிறது.

முல்லைத்தீவுப் பக்கம் ஒரு கல்வி நிலையத்தின் ஆறு பழைய கொம்பியூட்டர்களுக்கு யோசிக்காமல் டெபியன்தான் போட்டேன். வரைகலை நிறுவியில் தமிழைத் தெரிந்தால் கேள்விகள் தமிழிலேயே வரும், எழுத்து மட்டும் உள்ள நிறுவியில் தமிழ் கிடையாது. ஒரு மெஷினில் பொதிகளைச் சேமித்து வைக்கும் ஆப்ட்-கேச்சர் ஓடுகிறது, அது ஒருமுறை இறக்கியதை மற்ற ஐந்தும் அதனிடமே வாங்கிக்கொள்ளும். 2025 ஓகஸ்ட்டில் வந்த டெபியன் 13க்கும் அந்த வழியால்தான் ஆறையும் மாற்றினேன். மாற்றியதில் இரண்டு இரவு டேட்டா போனது.

ஆர்ச்சை முழுதாக விட்டேன் என்று இல்லை. ஏயுஆர் பொதியைப் பராமரிக்க ஒரு பழைய டெஸ்க்டொப்பில் அது இன்னும் ஓடுகிறது. அதற்கு மட்டும் யூபிஎஸ் வாங்கி வைத்திருக்கிறேன்.