டி.எல்.இ, டி.எல்.டி: பக்கவிளைவுகளோடு என் அனுபவம்

எச்.ஐ.வி-க்கான மருந்துச் சிகிச்சையான ஏ.ஆர்.டி எடுக்க ஆரம்பித்துப் பல வருடம் ஆகிறது. முதலில் டி.எல்.இ (டெனோஃபோவிர், லாமிவுடின், எஃபாவிரென்ஸ் மூன்றும் சேர்ந்த மாத்திரை), இப்போது டி.எல்.டி (அதில் எஃபாவிரென்ஸுக்குப் பதில் டோலுடெக்ராவிர்). இரண்டுமே தினம் ஒரு மாத்திரைதான், அரசு ஏ.ஆர்.டி மையத்தில் இலவசம். மாத்திரை போடும் நேரத்தை மாற்றினாலே நிறைய தொல்லை குறையும், ஆனால் அதை டாக்டரிடமோ கவுன்சிலரிடமோ வாய்விட்டுச் சொன்னால்தான் நடக்கும்.

டி.எல்.இ-யில் படுத்தியது எஃபாவிரென்ஸ், 600 மி.கி. போட்ட கொஞ்ச நேரத்தில் தலை கிறுகிறுக்கும், பாத்ரூமுக்குச் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் போக முடியும், அப்புறம் அந்தக் கனவுகள், இறந்துபோன அப்பா கட்டிலில் வந்து உட்கார்ந்து பேசிவிட்டுப் போன மாதிரி அத்தனை தெளிவாக வரும். "படுக்கும்போது போடுங்கண்ணே, எண்ணெய்ப் பண்டம் சாப்பிட்ட கையோட வேண்டாம்" என்றார் கவுன்சிலர். கொழுப்போடு சேர்ந்தால் அந்த மருந்து ரத்தத்தில் அதிகமாக ஏறுமாம். எட்டு மணிக்கு இட்லி, பத்தரைக்கு மாத்திரை என்று வைத்துக்கொண்டேன், சில வாரத்தில் கிறுகிறுப்பு அடங்கியது. பரோட்டா சாப்பிட்ட இரவுகளில் மட்டும் வித்தியாசம் நன்றாகவே தெரியும்.

டி.எல்.டி-க்கு மாற்றிய பிறகு கனவு போனது, கூடவே தூக்கமும் போனது. இதில் இருப்பது டோலுடெக்ராவிர் 50 மி.கி. டாக்டரைக் கேட்டு, காலை டிபனுக்குப் பிறகு போட ஆரம்பித்தேன், சரியாகிவிட்டது.

இதில் முக்கியமாகக் கவனிக்க வேண்டியது வயிற்றெரிச்சல் மருந்து. ஜெலுசில் போன்றவற்றில் உள்ள அலுமினியமும் மெக்னீசியமும் டோலுடெக்ராவிரை உடம்பில் சேரவிடாது. மாத்திரை போட்டு 2 மணி நேரம் கழித்துதான் அதைக் குடிக்கலாம், முதலிலேயே குடித்துவிட்டால் மாத்திரைக்கு 6 மணி நேரம் பொறுக்க வேண்டும். இரும்பு, கால்சியம் மாத்திரைக்கும் இதே கணக்கு, சாப்பாட்டோடு சேர்த்துப் போட்டால் மட்டும் அவற்றையும் டி.எல்.டி-யையும் ஒன்றாகப் போடலாம். சுகருக்கு மெட்ஃபார்மின் எடுப்பவர்கள் அவசியம் சொல்லிவிடுங்கள், அளவைப் பார்த்துத்தான் கொடுப்பார்கள்.

இரண்டு மாத்திரையிலும் உள்ள டெனோஃபோவிர் சிறுநீரகத்தைப் பாதிக்கலாம் என்பதால் ரத்தத்தில் கிரியேட்டினின் அளவைப் பார்க்கிறார்கள். டோலுடெக்ராவிரால் அது கொஞ்சம் கூடித் தெரியும், அது மட்டும் என்றால் சிறுநீரகம் கெட்டுவிட்டது என்று அர்த்தமில்லை. ஆனால் மூட்டுவலிக்கு மெடிக்கலில் நாமாக டைக்ளோஃபெனாக் கேட்டு வாங்கிப் போடுவது சிறுநீரகத்துக்கு நல்லதே இல்லை.

உடம்பில் தடிப்பு, கண்ணில் மஞ்சள், மனசு ரொம்ப உடைந்து போவது, இதில் எது வந்தாலும் அடுத்த விசிட் வரை காத்திருக்காமல் உடனே போங்கள். நாமாக நிறுத்தினால் வைரஸ் மறுபடி பெருகும், மருந்துக்குக் கட்டுப்படாமலும் போகலாம். சந்தேகத்துக்கு தேசிய எய்ட்ஸ் உதவி எண் 1097-க்குக் கூப்பிடலாம், இலவசம்.

எடைதான் எனக்கு இன்னும் முழுசாகக் கட்டுக்குள் வரவில்லை. டி.எல்.டி-க்கு வந்த பிறகு பேன்ட் எல்லாம் இறுகிவிட்டது. சாயங்கால பஜ்ஜியை விட்டுவிட்டு நடக்கிறேன், கொஞ்சம் குறைந்திருக்கிறது.