ஃப்ளாஷ் கார்ட்ரிட்ஜா, கஸ்டம் ஃபர்ம்வேர் ஏற்றிய 3டிஎஸ்ஸா?

காசிமேட்டுக் கடற்காற்று எந்த உலோகத்தையும் விட்டுவைப்பதில்லை. பழைய வண்ணாரப்பேட்டையில் எங்கள் வீட்டுப் பீரோவில் இருபது ஆண்டுகளாகக் கிடந்த, நின்டெண்டோ கையடக்கக் கருவிகளுக்கான கேம் கார்ட்ரிட்ஜ்களைச் சென்ற கோடையில் வெளியே எடுத்தேன். பாதிக்கு மேல் இயங்கவில்லை. ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சால் முனைகளைத் துடைத்தேன். பஞ்சு கறுத்தது, விளையாட்டு உயிர் பெற்றது. இனி அசல் பெட்டிக்குள் இருக்கட்டும், நகலில் விளையாடலாம் என்று அன்றைக்கே முடிவு செய்தேன்.

நகலில் விளையாட இரண்டு வழிகள். நகல்களை மெமரி கார்டில் ஏற்றிக்கொள்ளும் ஃப்ளாஷ் கார்ட்ரிட்ஜைப் பழைய கருவியில் செருகுவது ஒன்று. நின்டெண்டோவின் பிந்தைய கருவியான 3டிஎஸ்ஸில் கஸ்டம் ஃபர்ம்வேரை, அதாவது ஆர்வலர்கள் மாற்றியமைத்த இயக்க மென்பொருளை ஏற்றி, எல்லாவற்றையும் அடக்கிவிடுவது மற்றொன்று. இரண்டையும் ஓராண்டாகப் பயன்படுத்துகிறேன்.

கேம் பாய் கார்ட்ரிட்ஜ்களுக்கு எந்த வழியானாலும் முதல் செலவு நகலெடுக்கும் கருவிக்குத்தான். போக்கிமான் கோல்டு போன்ற கேம் பாய் கார்ட்ரிட்ஜ்களில் சேமித்த ஆட்டத்தைத் தாங்கி நிற்பது உள்ளே பற்றவைத்த ஒரு சிஆர்2025 பேட்டரி. அது தீர்ந்தால் சேமிப்பு போயிற்று. புது பேட்டரி மாற்றுவதற்காகக் கழற்றினாலும் போயிற்று. ஜிபிஎக்ஸ்கார்ட் ஆர்டபிள்யூ போன்ற கருவியில் செருகி, சேமிப்பைக் கணினிக்கு எடுத்துக்கொண்டு, அதன்பின் பேட்டரியை மாற்றி, சேமிப்பைத் திரும்ப எழுத வேண்டும். இந்த வரிசையை மாற்றி என் நண்பர் ஒருவர் பள்ளிக்காலத்து ஆட்டம் முழுவதையும் இழந்தார். பின்னால் வந்த கேம் பாய் அட்வான்ஸின் கார்ட்ரிட்ஜ்களையும் இதே கருவி நகலெடுக்கும்.

அதற்கும் பின்னால் வந்த, இரண்டு திரை கொண்ட டிஎஸ் கருவியின் விளையாட்டுகளைப் பொறுத்தவரை என் ஓட்டு 3டிஎஸ்ஸுக்கே. அதில் காட்மோடு9 என்ற கோப்பு மேலாண்மை மென்பொருள் இருந்தால் கார்ட்ரிட்ஜைச் செருகி அங்கேயே நகலெடுத்துவிடலாம். தனிக் கருவி வேண்டாம். டிவைலைட் மெனு என்ற மென்பொருள் வழியாக எஸ்டி கார்டிலிருந்தே விளையாடலாம். 2024 ஏப்ரலில் 3டிஎஸ்ஸின் இணைய விளையாட்டுச் சேவை நிறுத்தப்பட்டதால், ஃபர்ம்வேரை மாற்றியதற்காக நின்டெண்டோ கணக்கை முடக்கிவிடுவார்களோ என்ற பழைய பயமும் பெரும்பாலும் போய்விட்டது. ஃபர்ம்வேர் ஏற்றிய கையோடு உள் நினைவகத்தின் முழு நகலை எடுத்துக் கணினியில் பத்திரப்படுத்துங்கள். அதைத் தள்ளிப்போடாதீர்கள்.

குறை ஒன்று உண்டு. டிஎஸ் படத்தை 3டிஎஸ் இழுத்துப் பெரிதாக்குவதால் எழுத்துகள் மங்கும். விளையாட்டைத் தொடங்கும்போது ஸ்டார்ட் பொத்தானை அழுத்திப் பிடித்தால் அசல் அளவில் சிறிதாக, துல்லியமாக வரும். ஆனாலும் டிஎஸ்ஸின் மெலிந்த மாடலான டிஎஸ் லைட் திரையின் தெளிவைப் பழகிய கண்ணுக்கு அது போதவில்லை.

டிஎஸ் லைட்டுக்கு ஆர்4 வகை ஃப்ளாஷ் கார்ட்ரிட்ஜ்தான் வழி. இங்கே எனக்குச் சூடு உண்டு. பாரிமுனைப் பக்கம் ஒரு கடையில் வாங்கிய போலி ஆர்4 நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. ஒருநாள் மெனுவே திறக்கவில்லை. குறிப்பிட்ட தேதிக்குப் பிறகு நின்றுவிடும்படி மென்பொருளிலேயே பொறி வைத்திருக்கிறார்கள். கருவியின் தேதியைப் பின்னுக்குத் தள்ளியதும் திறந்தது. விற்ற பொருளை இப்படிச் சாகடிப்பது ஏமாற்று வேலை என்றுதான் சொல்வேன். 2007 வாக்கில் வந்த அசல் ஆர்4 இந்தப் பொறி இல்லாதது, ஆனால் 2 ஜிபிக்கு மேற்பட்ட மெமரி கார்டை ஏற்காது.

கேம் பாய் அட்வான்ஸில் நிலைமை தலைகீழ். அங்கே எவர்டிரைவ், ஈசி-ஃப்ளாஷ் ஒமேகா என்ற ஃப்ளாஷ் கார்ட்ரிட்ஜ்கள் இரண்டுமே நம்பத்தக்கவை. விலையைப் பார்த்தால் ஒமேகா போதும். 3டிஎஸ்ஸும் அட்வான்ஸ் விளையாட்டுகளை எமுலேட்டர் (பழைய கருவியைப் போல நடிக்கும் மென்பொருள்) இல்லாமல் நேரடியாகவே ஓட்டும், ஆனால் அந்தக் கார்ட்ரிட்ஜைச் செருக அதில் இடமில்லை.

சட்டத்தையும் சொல்லியாக வேண்டும். 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம், 52(1)(ஏஏ) பிரிவில், முறைப்படி மென்பொருளை வைத்திருப்பவர் இழப்புக்கும் சேதத்துக்கும் எதிரான தற்காலிகப் பாதுகாப்பாக நகல் எடுத்துக்கொள்ள இடம் தருகிறது. கடையில் நூற்றுக்கணக்கான விளையாட்டுகளை நிரப்பித் தரும் மெமரி கார்டு இதில் சேராது. என் கார்டில் இருப்பவை என் பீரோவில் இருப்பவை மட்டுமே.

சொந்தமாக விளையாட்டு எழுதுகிறவர்களுக்கோ ஃப்ளாஷ் கார்ட்ரிட்ஜுக்கு மாற்றே இல்லை. ராயபுரத்தில் இருக்கும் என் அக்கா மகன், புடானோ என்ற திறந்த மூல நூலகத்தைக் கொண்டு அட்வான்ஸுக்கு ஒரு சின்ன விளையாட்டு எழுதியிருக்கிறான்: விசைப்படகை அலைக்குத் தப்பித் துறைமுகத்துக்குள் கொண்டுவர வேண்டும். மடிக்கணினியில் பளிச்சென்று இருந்தது. ஒமேகாவில் ஏற்றி, 2001 மாடல் அட்வான்ஸில் செருகினோம். அந்தத் திரைக்குச் சொந்த விளக்கு கிடையாது. 240க்கு 160 புள்ளிகளில் கடல் கறுப்பாகிப் படகையே விழுங்கிவிட்டது. மொட்டைமாடி வெயிலுக்குக் கொண்டுபோய்ச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தான். “மாமா, கம்ப்யூட்டரில் இந்தக் கோளாறு தெரியவே இல்லையே” என்றான். அன்றிரவே நீலத்தை வெளிறச் செய்து, படகுக்கு வெள்ளை விளிம்பு வரைந்து, மறுபடி ஏற்றினான். இப்போது மாலை வெளிச்சத்திலும் படகு தெரிகிறது.