ஓப்பன் டூம்ஸ்டே: எல்டன் கிராமத்தின் 1086ஆம் ஆண்டுக் கணக்கு

இங்கிலாந்தை வென்ற முதலாம் வில்லியம், 1085ஆம் ஆண்டுக் கிறிஸ்துமஸின்போது குளஸ்டரில் கூடிய அவையில் முடிவெடுத்து, மறு ஆண்டிலேயே நடத்தி முடித்த டூம்ஸ்டே நில அளவைக் கணக்கைக் கட்டணமின்றிப் பார்க்கத் தரும் இணையச் சேவை ஓப்பன் டூம்ஸ்டே. ஹல் பல்கலைக்கழகத்தில் தொகுக்கப்பட்ட தரவுகளே இதற்கு அடிப்படை. ஊர்ப்பெயரைக் கொடுத்துத் தேடினால் அவ்வூரின் உடைமையாளர், ஏர்கள், ஆலைகள், மதிப்பு ஆகியவை வகைபிரித்து வருகின்றன. கூடவே, சுருக்கெழுத்து லத்தீனில் எழுதப்பட்ட மூலப்பக்கத்தின் படமும் கிடைக்கிறது. இச்சேவையின் தலைசிறந்த பயன் இந்தப் படம்தான் என்பேன்.

எல்டன் கிராமத்தையே எடுத்துக்கொள்வோம். நீன் ஆற்றங்கரையில் உள்ள இவ்வூர் அன்று ஹண்டிங்டன்ஷயரில், ராம்சே மடத்தின் உடைமையாக இருந்தது. வரிக்கணக்கில் 10 ஹைடு (அன்றைய நிலவரி அலகு) நிலம்; மடத்தின் சொந்தப் பண்ணையில் 4 ஏர்கள்; 28 குடியானவர்களிடம் 20 ஏர்கள்; ஒரு தேவாலயம், ஒரு பாதிரியார், 40 ஷில்லிங் தரும் இரண்டு ஆலைகள், 170 ஏக்கர் புல்வெளி. அவ்வளவுதான் பதிவு. ஆனால் ஓர் ஏருக்கு எட்டு எருதுகள் என்ற வழக்கமான கணக்கின்படி 24 ஏர்களுக்கு 192 எருதுகள் வேண்டும் என்று எண்ணும்போது, அந்தப் புல்வெளி ஏன் இவ்வளவு கவனமாக அளக்கப்பட்டது என்பது விளங்கிவிடுகிறது. வில்லியமின் வெற்றிக்கு முன் ஆண்ட எட்வர்டு மன்னர் காலத்தில் 14 பவுண்டாக இருந்த ஊரின் மதிப்பு 16 பவுண்டாக உயர்ந்திருக்கிறது. 20 ஷில்லிங் ஒரு பவுண்டு ஆதலால், அதில் எட்டில் ஒரு பங்கு ஆலை வருமானம். வடக்கே யார்க்‌ஷயரில் ஊர் ஊராகப் 'பாழ்' என்று குறிக்கப்பட்டிருப்பதைப் பார்த்தவர்கள் இந்த உயர்வை எளிதாகக் கடந்துவிட மாட்டார்கள்.

எண்களை அப்படியே மக்கள்தொகை என்று கொள்ளக் கூடாது. 28 என்பது குடும்பத் தலைவர்களின் எண்ணிக்கை. பெண்களும் பிள்ளைகளும் அதில் இல்லை. ஹைடு என்பதும் நிலத்தின் உண்மைப் பரப்பைவிட வரிச்சுமையையே காட்டுகிறது. வரி வாங்குபவரின் கண்ணுக்குத் தெரிந்த கிராமம் இது, அங்கே வாழ்ந்தவர் கண்ட கிராமம் அன்று.

ஓர் ஊரின் பதிவு முழுவதையும் தொடர் உரைநடையாகப் படிக்க விரும்புவோர் இச்சேவைக்கு வெளியே உள்ள மொழிபெயர்ப்புகளை நாட வேண்டும். லண்டன், வின்செஸ்டர், டர்ஹாம் ஆகியவற்றைத் தேடிப் பயனில்லை. மூலக் கணக்கிலேயே அவை இடம்பெறவில்லை.