கப்பல் வந்தாச்சு, பெட்டி எங்கே? வன்னிக்கான ‘டோர் டு டோர்’ கடல் கார்கோ பற்றி

லண்டனிலும் ரொறன்ரோவிலும் தமிழ்க் கடை வாசல்களில் ஒட்டியிருக்கும் ‘டோர் டு டோர், 6–8 கிழமை’ விளம்பரத்தைப் பார்த்து ஊருக்குச் சாமான் பெட்டி போடுகிறவர்களுக்கும், இங்கே கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் அதற்காகக் காத்திருப்பவர்களுக்கும் இந்த மதிப்பீடு. எந்த நிறுவனத்தின் பெயரும் இதில் இல்லை. சேவையின் அமைப்பே எல்லாரிடமும் ஏறக்குறைய ஒன்றுதான். காசு வாங்கும் கடைக்காரரிடம் கப்பலும் இல்லை, லொறியும் இல்லை. பெட்டியை எடுப்பவர் ஒருவர், கொள்கலனை நிரப்புபவர் வேறொருவர், கொழும்பில் கிளியர் பண்ணுபவர் இன்னொருவர், பரந்தனுக்கு அப்பால் கொண்டுவருபவர் யாரென்று கடைக்காரருக்கே தெரியாது. 6–8 கிழமை என்பது அந்தக் கடைக்காரரின் வாய்ச்சொல்.

தாமதம் என்றால் எல்லாரும் செங்கடலைச் சொல்வார்கள். அதில் உண்மை உண்டு. 2023 நவம்பரில் யேமனின் ஹூதிக் கிளர்ச்சியாளர்கள் அங்கே கப்பல்களைத் தாக்கத் தொடங்க, டிசம்பரில் பெரிய கப்பல் கம்பனிகள் சூயஸ் கால்வாயை விட்டு ஆபிரிக்காவின் நன்னம்பிக்கை முனையைச் சுற்றத் தொடங்கின. ஐரோப்பாவிலிருந்து வரும் கப்பலுக்கு இதனால் 10 முதல் 14 நாள் கூடியது, கட்டணமும் ஏறியது. ஆனால் ஒரு பெட்டி மூன்று மாதம் இழுபடுவதற்கு இந்த இரண்டு கிழமை காரணமாகாது. கணக்குப் போட்டுப் பாருங்கள். 40 அடி நீள, உயரம் கூடிய (‘ஹை கியூப்’) கொள்கலனின் உட்கொள்ளளவு சுமார் 76 கன மீற்றர். பெட்டிகள் அடுக்கினால் 65 வரை போகும். 60×50×50 சென்ரிமீற்றர் பெட்டி ஒன்று 0.15 கன மீற்றர். ஆக, ஏறக்குறைய 430 பெட்டி சேரும்வரை உங்கள் பெட்டி களஞ்சியத்தில் குந்தியிருக்கும். ‘கப்பலில போட்டாச்சு’ என்ற பதிலுக்குப் பெரும்பாலும் ‘கொள்கலனில் இன்னும் இடமிருக்கிறது’ என்றே பொருள்.

இதைப் பிடிக்க ஒரு வழி உண்டு. கொள்கலன் இலக்கத்தைக் கேளுங்கள். நான்கு ஆங்கில எழுத்தும் ஏழு இலக்கமும் கொண்டது அது, நான்காவது எழுத்து ‘யூ’. அதைக் கப்பல் கம்பனியின் இணையத்தளத்தில் போட்டால் எந்தத் துறைமுகத்தில் ஏறியது, எங்கே இறங்கி வேறு கப்பலுக்கு மாறியது, கொழும்புக்கு எப்போது வருகிறது எல்லாம் தெரியும். பெட்டி கொடுத்து மூன்று கிழமையாகியும் இந்த இலக்கம் கிடைக்கவில்லையென்றால் பெட்டி இன்னும் கப்பலைக் காணவில்லை. இதைத் தயங்காமல் தரும் முகவருக்கு, கட்டணம் கொஞ்சம் கூடினாலும், முதலிடம் கொடுக்கலாம்.

எதைக் கடலில் போடுவது, எதை விமானத்தில் போடுவது என்பதில் பலர் காசை விடுகிறார்கள். விமானத்தில் நிறையையும் கன அளவையும் பார்த்து, எது கூடவோ அதற்குக் காசு: நீளம், அகலம், உயரத்தைச் சென்ரிமீற்றரில் பெருக்கி 6000 ஆல் வகுப்பார்கள் (கூரியர்காரர் 5000 ஆல்). மேலே சொன்ன பெட்டி 25 கிலோவுக்குச் சமன். அதற்குள் 10 கிலோ போர்வை வைத்தாலும் 25 கிலோவுக்கே கட்டணம். கடலில் ஒரு கன மீற்றருக்கு 1000 கிலோவரை நிறையைக் கேட்கமாட்டார்கள், எனவே பாத்திரம், கருவிப்பெட்டி, பழைய தையல் இயந்திரம், நீரிறைக்கும் பம்ப் போன்ற பாரங்களுக்கு இந்தச் சேவை பொருந்தும். பம்பில் எண்ணெய் துளியும் இருக்கக் கூடாது, மண் ஒட்டியிருக்கவும் கூடாது. கனடாவில் இருந்து மிக்சி அனுப்புகிறவர்கள் அங்கே மின்சாரம் 120 வோல்ற், இங்கே 230 என்பதை மறந்துவிடுகிறார்கள். கார்கோவில் பழுதாகிவிட்டது என்று வரும் சண்டைகளில் சில இதனால்தான்.

பெர்பியூம், ஸ்பிரே, பவர் பாங்க் போன்ற தீப்பிடிக்கக்கூடிய சாமான்களை உடுப்புக்குள் ஒளித்து வைக்காதீர்கள். ஒரு பெட்டியில் அகப்பட்டால் அந்தக் கொள்கலனில் உள்ள மற்ற 429 பேரின் சாமானும் சேர்ந்து நிற்கும். நைத்திரிக் அமிலம் கசிந்த கொள்கலனோடு வந்த எக்ஸ்-பிரஸ் பேர்ல் என்ற கப்பல் 2021 மே மாதம் கொழும்புக்கு வெளியே எரிந்ததை இந்த நாடு பார்த்திருக்கிறது.

கொழும்பில் கொள்கலனைப் பிரித்து, சுங்கம் பார்த்து விடுவிக்க வேண்டும். 2025 ஜனவரியில் ஏற்பட்டது போன்ற நெரிசல் வந்தால் எந்த முகவராலும் ஒன்றும் செய்ய முடியாது, அதை அவர்கள் தலையில் கட்டுவது நியாயமில்லை. ஆனால் சாமான் பட்டியலில் ‘வீட்டுச் சாமான்’ என்று மொட்டையாக எழுதி விடுவது அவர்களின் பிழை. ‘பாவித்த உடுப்பு 14, எவர்சில்வர் சட்டி 3’ என்று எழுதினால் கேள்வி குறையும். பெறுபவரின் பெயர் அடையாள அட்டையில் உள்ளபடியே இருக்க வேண்டும். தகப்பன் பெயரின் முதலெழுத்தை மட்டும் போட்டு, ஊரில் கூப்பிடும் பெயரை எழுதி அனுப்பிய பெட்டிகள் இதனாலேயே மறிபடும். வரியும் கட்டணத்துக்குள் அடக்கமா என்பதை எழுத்தில் வாங்குங்கள். புதிய மின்சாதனங்களுக்கு இறக்குமதித் தீர்வையின் மேல் 18% வற் வரியும் வேறு வரிகளும் சேரும். ‘எல்லாம் உள்ளடக்கம்’ என்ற சொல்லுக்குக் கொழும்பில் வேறு அகராதி.

இனி வன்னி. இந்தச் சேவைக்கு நான் மிகக் குறைந்த புள்ளி போடுவது இங்கேதான். கொழும்பிலிருந்து வரும் லொறி ஏ9 வீதியில் வவுனியா, மாங்குளம், கிளிநொச்சி எல்லாவற்றையும் தாண்டி நேரே யாழ்ப்பாணம் போய்விடும். அங்கே களஞ்சியத்தில் இறக்கி, வன்னிப் பெட்டிகள் ஒரு சின்ன வாகனத்துக்குக் காணுமளவு சேர்ந்த பிறகு ஆனையிறவைக் கடந்து திரும்பி வரும். பரந்தன் சந்தியைத் தாண்டிப் போன பெட்டி, பரந்தன் சந்திக்கு வர இன்னும் இரண்டு கிழமை. ‘டோர்’ என்பதும் பலருக்குப் பிரதான வீதியோடு முடிகிறது. புதுக்குடியிருப்பு, விசுவமடு என்றால் ஏ35 ஓரம் வரை வருவார்கள். மல்லாவி, துணுக்காய், ஒட்டுசுட்டான் உள்ளூர் என்றால் ‘சந்திக்கு வாங்கோ’ என்று தொலைபேசி வரும், அல்லது மேலதிகக் காசு கேட்பார்கள். மாரியில், கார்த்திகை மார்கழியில் குளங்கள் வான்பாயும்போது கிரவல் வீதிக்குள் வர மறுப்பதில் நியாயம் உண்டு. வைகாசியிலும் அதே காரணத்தைச் சொன்னால் நம்பாதீர்கள்.

முகவரி எழுதுவதில் அனுப்புகிறவரின் பங்கும் இருக்கிறது. ‘எட்டாம் வாய்க்கால்’ என்று மட்டும் எழுதினால் கொழும்புச் சாரதிக்கு அது வெறும் தண்ணி. கிராம அலுவலர் பிரிவு, பக்கத்துப் பாடசாலை அல்லது கோயில், இரண்டு தொலைபேசி இலக்கம், இவை பெட்டியின் மூன்று பக்கத்திலும் உள்ளே ஒரு தாளிலும் இருக்கட்டும். கிளிநொச்சியிலோ வவுனியாவிலோ சொந்தக் களஞ்சியம் வைத்திருக்கும் முகவர் கிடைத்தால் வீட்டு விநியோகத்தை விட்டு, அங்கே போய் எடுப்பதாகவே பதியுங்கள். மலிவு, வேகம் இரண்டும் அதில்தான்.

காப்புறுதி பற்றி ஒரு வார்த்தை. 2024 மார்ச் 26 அன்று அமெரிக்காவின் பால்ரிமோர் பாலத்தில் மோதிய டாலி என்ற கப்பல் கொழும்புக்குப் புறப்பட்டதுதான். பிறகு அதன் உரிமையாளர்கள் ‘ஜெனரல் அவரேஜ்’ அறிவித்தார்கள், அதாவது கப்பலை மீட்கும் செலவில் சாமான்காரரும் பங்கு கட்ட வேண்டும். பெட்டிக்கு இவ்வளவு என்று கடைக்காரர் சொல்லும் ‘இன்சூரன்ஸ்’ இதற்குள் வருமா என்று கேளுங்கள். பெரும்பாலும் முகத்தைப் பார்ப்பார்.

கலியாணம், திருவிழா, பிறந்தநாள் என்று நாள் குறித்த எதற்கும் கடல் கார்கோ வேண்டாம். நாள் குறிக்காத பாரமான சாமானுக்கு இதைவிட மலிவு வேறில்லை. பெட்டி வாசலுக்கு வந்ததும் சாரதி அவசரப்படுத்துவார். கையெழுத்து வைக்குமுன் எண்ணிப் பாருங்கள், ஒட்டுநாடா இரண்டு நிறத்தில் இருந்தால் சுங்கத்திலோ வேறெங்கோ திறந்திருக்கிறார்கள். படம் எடுத்து, ‘திறந்த நிலையில் பெறப்பட்டது’ என்று பற்றுச்சீட்டில் எழுதிவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். வெறும் கையெழுத்துக்குப் பிறகு எந்த முறைப்பாடும் எடுபடாது.