ஜீவனாம்ச உத்தரவு கையில் இருந்தும் பாக்கியை வசூலிக்க முடியாமல் போனது: ஓராண்டுக் கெடு பற்றி ஓர் எச்சரிக்கை

விவாகரத்துக்குப் பின் ஜீவனாம்ச வழக்கு நடத்தும் பெண்களும், அவர்களுடன் நீதிமன்றத்துக்கு அலையும் பெற்றோரும் படிக்க வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன். என் வழக்கை நடத்திய வழக்கறிஞரின் பெயரைச் சொல்லப் போவதில்லை. அவர் மீது நான் கொடுத்த புகார் நிலுவையில் இருக்கிறது.

எனக்கு 2021இல் விவாகரத்து ஆனது. அப்போது மனம் இருந்த நிலையில் ஜீவனாம்சம் பற்றி நான் எதுவும் கேட்கவில்லை. விவாகரத்தான மனைவியும் மறுமணம் செய்துகொள்ளாதவரை குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125ஆம் பிரிவின்படி ஜீவனாம்சம் கோரலாம் என்பதை இந்த வழக்கறிஞர்தான் எனக்குச் சொன்னார். (2024 ஜூலையிலிருந்து அது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற புதிய சட்டத்தில் 144ஆம் பிரிவு.) 2022 பிப்ரவரியில் மதுரை குடும்பநல நீதிமன்றத்தில் மனுத் தாக்கல் செய்தோம். 2023 ஜூனில் எனக்கு மாதம் 6,000 ரூபாயும் மகளுக்கு 4,000 ரூபாயும் தரும்படி உத்தரவு வந்தது. மனுத் தாக்கல் செய்த நாளிலிருந்தே ஜீவனாம்சம் வழங்க வேண்டும் என்று 2020 நவம்பரில் ரஜ்னேஷ் எதிர் நேஹா வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியிருந்ததை அவர் எடுத்துக்காட்டி வாதாடியதால், 17 மாதப் பாக்கியாக 1,70,000 ரூபாயும் எங்களுக்குச் சேர வேண்டியதாயிற்று. அதுவரை அவர் செய்த வேலையில் நான் குறை காணவில்லை, அவரை முழுமையாக நம்பியதற்கும் அதுவே காரணம்.

எதிர்த்தரப்பு, அதாவது என் முன்னாள் கணவர் தரப்பு, ஜூலை, ஆகஸ்ட், செப்டம்பர் மாதங்களுக்கு மட்டும் பணம் அனுப்பிவிட்டு நிறுத்திக்கொண்டது. பழைய பாக்கியில் ஒரு ரூபாய்கூட வரவில்லை. கட்டாத தொகையை நீதிமன்றம் வசூலித்துத் தரக் கோரும் வசூல் மனுப் போட வேண்டும் என்று அக்டோபரில் வழக்கறிஞரிடம் போய் நின்றேன். முன்பணமாக 15,000 ரூபாய் வாங்கிக்கொண்டார். வசூலாகும் தொகையில் 20 சதவீதம் தர வேண்டும் என்றும் கேட்டார், ஒப்புக்கொண்டேன். வழக்கின் முடிவைப் பொறுத்துக் கட்டணம் பேசுவதையும், கிடைக்கும் தொகையில் பங்கு கேட்பதையும் இந்திய வழக்கறிஞர் மன்றத்தின் (பார் கவுன்சில்) விதிகள் தடை செய்கின்றன என்பது அன்று எனக்குத் தெரியாது.

அதன்பின் ஓராண்டுக் காலம் நான் கேட்டதெல்லாம் ஒரே பதில்தான்: "தாக்கல் பண்ணியாச்சும்மா, நம்பர் ஆகட்டும்." மனுவுக்கு நீதிமன்றம் எண் கொடுக்கட்டும் என்று அதற்குப் பொருள். எண்ணைக் கேட்டால் குமாஸ்தா பழைய எம்.சி. வழக்கின் (2022இல் போட்ட ஜீவனாம்ச வழக்கின்) எண்ணையே எழுதிக் கொடுப்பார். அது பழைய எண் என்றுகூட எனக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை. மகளின் பள்ளிக் கட்டணத்துக்காக என் அம்மாவின் வளையலை அடகு வைத்திருந்தோம். பாக்கி வந்ததும் மீட்டுவிடலாம் என்று அம்மாவுக்கு நான் சொல்லிக்கொண்டே இருந்தேன்.

2024 நவம்பரில் அவரே அழைத்து, எதிர்த்தரப்பு சமரசத்துக்கு வருவதாகவும், 1,50,000 ரூபாயை வாங்கிக்கொண்டு வழக்கை முடித்துக்கொள்ளலாம் என்றும் சொன்னார். அவர் நீட்டிய தாளில், கடந்தகாலத்துக்கும் எதிர்காலத்துக்கும் உரிய ஜீவனாம்சம் முழுவதையும் நான் பெற்றுக்கொண்டதாகவும், இனி எந்தக் கோரிக்கையும் இல்லை என்றும் எழுதியிருந்தது. பாக்கியே அதைவிட அதிகமாயிற்றே என்று கேட்டபோதுதான், "அதெல்லாம் டைம் பார் ஆயிடுச்சும்மா" என்றார், அதாவது மனுப் போடும் கெடு முடிந்துவிட்டதாம். நான் கையெழுத்துப் போடவில்லை. அன்று மாலையே பக்கத்து வீட்டுத் தம்பி, வழக்குகளின் விவரம் பார்க்க உதவும் இ-கோர்ட்ஸ் இணையதளத்தில் என் பெயரையும் எதிர்த்தரப்பின் பெயரையும் போட்டுத் தேடிப் பார்த்தார். வசூல் மனு என்று ஒன்று தாக்கலே ஆகவில்லை.

ஜீவனாம்சத் தொகை எந்த நாளில் செலுத்த வேண்டியதாகிறதோ அந்த நாளிலிருந்து ஓராண்டுக்குள் மனுச் செய்தால்தான் அதை வசூலிக்க நீதிமன்றம் வாரண்ட் பிறப்பிக்கும். பழைய சட்டத்தின் 125(3)இல் இருந்த இந்த நிபந்தனை புதிய சட்டத்திலும் அப்படியே இருக்கிறது. பணம் கட்டாதவரை ஒவ்வொரு மாதப் பாக்கிக்கும் ஒரு மாதம் வரை சிறையில் வைக்க வழிசெய்யும் பிரிவும் இதுதான், ஆகவே எதிர்த்தரப்பு உண்மையில் அஞ்சுவதும் இதற்குத்தான். 2023 ஜூன் உத்தரவால் சேர வேண்டியதான என் 1,70,000 ரூபாய்க்கான கெடு 2024 ஜூனிலேயே முடிந்துவிட்டது. கெடு கடந்தாலும் பாக்கியைப் பெறும் உரிமை அழிவதில்லை, உரிமையியல் வழக்கின் மூலம் கோரலாம் என்று 2013இல் உச்ச நீதிமன்றம் கூறியிருக்கிறது. ஆனால் ஒரு மனுவில் முடிந்திருக்க வேண்டியதற்கு இன்னொரு வழக்கையே தொடங்க வேண்டும் என்பது, ஏற்கெனவே இரண்டு வழக்குகளைப் பார்த்த ஒரு குடும்பத்துக்கு எவ்வளவு பெரிய சுமை என்பதை அனுபவித்தவர்களே அறிவார்கள்.

வழக்குக் கட்டை (என் வழக்கின் ஆவணங்களை) அந்தப் பழைய வழக்கறிஞரிடம் திருப்பிக் கேட்டபோது, 30,000 ரூபாய் கொடுத்தால்தான் தர முடியும் என்றார். கட்டணப் பாக்கியைக் காரணம் காட்டி வழக்கறிஞர் கட்சிக்காரரின் ஆவணங்களைப் பிடித்து வைத்துக்கொள்ள உரிமை இல்லை என்று உச்ச நீதிமன்றம் 2000ஆம் ஆண்டிலேயே தீர்ப்பளித்திருக்கிறது. இதை எனக்குச் சொன்னவர்கள் மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப்பணிகள் ஆணைக்குழுவினர். 1987ஆம் ஆண்டுச் சட்டப்படி, வருமானம் எவ்வளவாக இருந்தாலும் பெண்களுக்கு அங்கே இலவசமாக வழக்கறிஞர் அமர்த்தித் தருகிறார்கள். 15100 என்ற எண்ணிலும் உதவி கேட்கலாம். முதல் நாளே அங்கே போயிருக்கலாமே என்று நான் வருந்தாத நாள் இல்லை. இலவசம் என்றால் கவனிக்க மாட்டார்கள் என்று உறவினர்கள் சொன்னதை நம்பி, கடன் வாங்கி, பணம் கொடுத்தவரிடம் ஏமாந்தேன்.

அங்கே அமர்த்தித் தந்த வழக்கறிஞர் அம்மா, கட்டுக்காகக் காத்திருக்காமல் உத்தரவின் சான்றிட்ட நகலுக்கு விண்ணப்பித்து வாங்கி, 2024 டிசம்பர் முதல் வாரத்திலேயே வசூல் மனுவைத் தாக்கல் செய்தார். ஓராண்டுக்குள் அடங்கிய 1,20,000 ரூபாய் அதில் சேர்ந்தது. மனு எண் கிடைத்த அன்றே அதை என்னிடம் எழுதிக் கொடுத்து, ஒவ்வொரு வாய்தாவையும் தளத்தில் நானே பார்த்துக்கொள்ளும்படி கற்றுக்கொடுத்தார். இப்போது எந்த மாதத் தொகை எந்த நாளில் கெடு தாண்டும் என்பதை நாட்காட்டியில் சிவப்பு மையால் நானே குறித்து வருகிறேன்.

வாரண்ட் பிறந்த பின் எதிர்த்தரப்பு தவணைகளாகக் கட்டத் தொடங்கியிருக்கிறது. பழைய 1,70,000 ரூபாயும், இடையில் கெடு தாண்டிய இரண்டு மாதங்களின் 20,000 ரூபாயும் வெளியே நிற்கின்றன. அவற்றுக்கான உரிமையியல் வழக்குக்குக் காகிதங்கள் தயாராகின்றன. முன்பணம் கொடுத்த ரசீது என்னிடம் இல்லை என்பதால், வழக்கறிஞர் மன்றத்தில் நான் கொடுத்த புகாருடன், குமாஸ்தா கைப்பட எழுதித் தந்த அந்தப் பழைய எண் இருந்த துண்டுச் சீட்டைத்தான் இணைத்திருக்கிறேன்.